திரும்பிப் பார்க்கும் கொக்கு

ஜனவரி 9

அன்பு மகள் வாலுவுக்கு, உன் ஒரே சித்தப்பா எழுதுவது. நான் இங்கே கருங்கல் மாதிரி இருக்கிறேன். அண்ணனுக்கு முதுகுவலி எப்படி? அண்ணி வழக்கம்போல எல்லாவற்றுக்கும் அண்ணனைத் திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. சோப்புக் கம்பெனியில் உறை சுற்றுகிற வேலையை விட்டுவிட்டு, நீயே சோப்புக் காய்ச்சி, நீயே பேர் வைத்து விற்கப் போகிறாய் என்று படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். என் ரத்தம்டி நீ! உன் அப்பனுக்கு இந்தத் துணிச்சல் ஏது?

மற்ற கம்பெனிக்காரர்கள் அட்டையும் உறையும் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும், சோப்பு என்றில்லை, கையில் கிடைக்கிற எதுவானாலும் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். சரியான ஆளைத்தான் கேட்டாய். ஆறு மாடிக் கடைக்கு மேலாளர் நான். முந்நூறு பேர் எனக்குக் கீழே. என்னைக் கேட்காமல் முதலாளி ஒரு தட்டைக்கூட நகர்த்த மாட்டார். பதினோரு உறை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த மஞ்சள் பென்சில் பெட்டி இருக்கிறதே, அதன் ஓரத்துக் கறுப்புக் கோடு நான் சொல்லிப் போட்டது. "ஐயா, நீங்கள் சொல்லாவிட்டால் விற்றிருக்காது" என்று அந்தக் கம்பெனிக்காரரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு விஷயம். நீ வரைகிற முத்திரையை யாருக்கும் காட்டாதே. அச்சகத்துக்காரனிடம் கடைசி நாள் வரை வாய் திறக்காதே. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள், திரைச்சீலை போடு. உலகம் முழுக்கத் திருடன். முதலில் எனக்கு அனுப்பு.

உன் நன்மையைத் தவிர வேறு வேலையில்லாத,
சித்தப்பா


ஜனவரி 27

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அப்பாவுக்கு முதுகுவலி விட்டு இப்போது முழங்கால்வலி. உங்கள் கால் எப்படி இருக்கிறது?

பதினோரு உறைகளையும் சுவரில் ஒட்டி, இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பிஸ்கட் உறையில் பேர் அடியில் இருக்கிறது. பிடிக்கும்போது கை அதை மறைப்பதில்லை. காயத்துக்குக் கட்டுகிற துணிப் பெட்டியில் பாதி வெறும் வெள்ளை. அதனாலேயே சுத்தம் என்று தோன்றுகிறது. இப்படி ஒவ்வொன்றிடமும் ஒரு யோசனையைக் கடன் கேட்கிறேன். எதையும் அப்படியே எடுக்கப் போவதில்லை. ஒரே ஒரு சந்தேகம்: ஆறு மாடிக் கடையிலிருந்து வந்த உறையில் செருப்புத் தடம் எப்படி வந்தது? பதினோராவது உறையின் மேல் முழுசாக ஒரு காலடி இருக்கிறது. உங்கள் கடித ஓரத்திலும் எப்போதும் போலக் கறுப்பு விரல் ரேகை.

முத்திரை வரைந்துவிட்டேன். ஒரு கொக்கு. ஒற்றைக் காலில் நின்று, தலையைத் திருப்பித் தன் வாலையே பார்க்கிறது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பென்சிலை வைத்ததும் வந்துவிட்டது. இது முழுக்க என்னுடையது. அப்பா பார்த்தார்.  "உன் சித்தப்பாவுக்கு அனுப்பு" என்றார், அவ்வளவுதான்.

கூட்டுறவுக் கடையில் ஜூலை முதல் தேதி எனக்கு ஒரு தட்டு தருகிறார்கள். உறை இல்லாமல் போனால் அந்தத் தட்டு அடுத்த ஆளுக்கு. வேலையையும் விட்டாயிற்று, திரும்பிப் போக முடியாது. அதனால் ஓர் உதவி: இந்தப் படத்தை ஒரு சோப்பில் சுற்றி, உங்கள் கடைத் தட்டில் மற்ற சோப்புகளுக்கு நடுவில் ஒரு நாள் வையுங்கள். எத்தனை அடி தூரத்திலிருந்து கண்ணில் படுகிறது என்று அளந்து எழுதுங்கள். இந்தப் படம் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

அன்புடன்,
வாலு


மார்ச் 4

என் அன்பு மகளுக்கு,

பதில் தாமதம். இங்கே வேலை அப்படி. முதலாளி வெளியூர் போயிருந்தார். கடை முழுக்க என் தலையில். அண்ணன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல். அண்ணிக்கு என் வணக்கம்.

உன் நீல நிறம் பிரமாதம். எழுத்து ராஜாவீட்டு எழுத்து. காகிதம் கொஞ்சம் தடிமனாகப் போடு. ஓரம் மடிக்கும்போது கிழியாது. இதெல்லாம் அனுபவத்தில் சொல்கிறேன்.

மூன்றாம் மாடியில் சோப்பு வரிசையில் காலை முதல் சாயந்திரம் வரை வைத்திருந்தேன். எண்ணூறு பேர் கடந்து போனார்கள். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. ஒரு கைக்குழந்தை மட்டும் பார்த்து அழுதது. அதனால் கொக்கு வேண்டாம். யானை போடு. மயில் போடு. ஒரு ரோஜாப்பூ போட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? கொக்கு என்ன பறவை! நாள் பூரா நின்றுகொண்டே மீன் திருடுகிற பறவை.

செருப்புத் தடம் சுங்க அதிகாரியுடையது. சோதனைக்கு வந்திருந்தார். கறுப்பு ரேகை மேலாளர் மை. எங்களுக்குத் தனி மை.

படத்தின் மேல் தண்ணீர் கொட்டிவிட்டது. திருப்பி அனுப்ப முடியாது. வருத்தப்படாதே.

உயர்ந்த பதவியிலும் உன்னை மறக்காத,
சித்தப்பா


மார்ச் 13

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

கொக்கை மறுபடி வரைந்து, நம் தெருமுனைக் கடையில் நானே வைத்துப் பார்த்தேன். எதிர்ச்சாரியிலிருந்தே கொக்கு தெரிகிறது. அங்கே எண்ணூறு பேருக்குத் தெரியாதது இங்கே சைக்கிளில் போகிறவருக்குத் தெரிகிறது. "அது என்னம்மா, கழுத்து சுளுக்கின பறவை?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

கொக்கு ஏன் வேண்டாம்? காரணம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள் சித்தப்பா, நிஜமான காரணம். நனைந்திருந்தாலும் பரவாயில்லை, படத்தைத் திருப்பி அனுப்புங்கள். அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் முத்திரையை என் பேரில் பதியக் கொடுக்கப் போகிறேன்.

வாலு


மார்ச் 25

அருமை மகளுக்கு,

கோபம் உடம்புக்கு ஆகாது. அண்ணன் நலமா? அண்ணி நலமா? தெருமுனைக் கடைக்காரர் நலமா?

பதிவு அலுவலகத்துக்குப் போகாதே. போகவே போகாதே. உனக்குத் தெரியாது, அந்த மாதிரி இடத்தில் உளவாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். உன் படம் வந்த அன்றே கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் ஆள் எங்கள் கடையைச் சுற்றினான். "என்ன சார் வேணும்?" என்றேன். "சும்மா பார்க்கிறேன்" என்றான். சும்மா பார்க்கிறவன் குறிப்பேடு வைத்திருப்பானா? அவனைப் படியில் உருட்டிவிட்டேன். நாலு மாடி உருண்டான்.

நீ பெரிய இடத்தில் மோதப் பார்க்கிறாய். நான் சொன்னால் காரணம் இருக்கும். படம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்காதே. அதை எலி தின்றுவிட்டது.

யானை போடுவதைப் பற்றி யோசி. தும்பிக்கையில் சோப்புக் கொடுக்கலாம்.

உன்னைக் காக்கும்,
சித்தப்பா


ஏப்ரல் 17

சித்தப்பா,

நலம் கேட்க இன்றைக்கு மனம் வரவில்லை.

மார்ச் 4-ல் படத்தின் மேல் தண்ணீர் கொட்டியது. மார்ச் 25-ல் அதே படத்தை எலி தின்றது. மூன்றாம் மாடியிலிருந்து நாலு மாடி உருண்ட ஆளைப் பற்றி நான் கேட்கவில்லை.

நேற்று சந்தையில் ஒரு விற்பனைக்காரர் புதிதாக வந்தார். ஷூ பாலிஷ் விற்கிறார். இந்த ஊருக்கு முதல் தடவை. தகர டப்பாவின் மூடியில் ஒரு கொக்கு. ஒற்றைக் கால். திருப்பிய தலை. என் கொக்கு! அலகின் வளைவுகூட என்னுடையது. ஒரு டப்பா வாங்கிக் கவிழ்த்தேன். அடியில் தயாரித்தவரின் முகவரி இருக்கிறது. ஆறு வருஷமாக நான் உங்களுக்குப் போடுகிற ஒவ்வொரு உறையிலும் எழுதுகிற அதே தெரு, அதே பதினாலாம் எண்.

அது மேலாளர்களுக்குக் கொடுத்த குடியிருப்பு என்றுதானே சொன்னீர்கள்?

ஜனவரியில் என் படம் உங்கள் கையில். ஏப்ரலில் அது அந்த டப்பாவில். நடுவில் யாரும் இல்லை. விற்றுவிட்டீர்களா? திருடன் திருடன் என்று எனக்குத் திரைச்சீலை போடச் சொன்னது இதற்குத்தானா?

பதிவு அலுவலகத்தில் விசாரித்தேன். அந்தக் கொக்கை ஏற்கெனவே ஒருவர் தன் பேரில் பதிந்து வைத்திருக்கிறாராம். யார், எப்போது என்று கேட்பதற்குள் கதவை மூடிவிட்டார்கள். அச்சகத்தில் அச்சுத் தகடு தயார். தட்டுக்கு இரண்டரை மாதம்.

உங்கள் அண்ணன் மகள்


ஏப்ரல் 29 (தபால் அட்டை)

மகளுக்கு,

விற்கவில்லை. உன் அப்பன்மேல் ஆணை. கொஞ்சம் காய்ச்சல். பிறகு எழுதுகிறேன்.

சித்தப்பா


மே 6

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

காய்ச்சல் விட்டதா? நிஜமாகவே காய்ச்சலா?

உங்கள் அட்டையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பாலிஷ் டப்பாவையும் காட்டினேன். அவர் எழுந்து போனார். அம்மாவின் தையல் பெட்டிக்குள் கையை விட்டு, ஒரு பழைய பச்சை டப்பாவை எடுத்துப் பித்தான்களையெல்லாம் தரையில் கொட்டினார். "என்னங்க இது, காலங்காத்தால!" என்று அம்மா கத்தினாள். ஓர் ஆணியை எடுத்து மூடியைச் சுரண்ட ஆரம்பித்தார். பச்சைக்குக் கீழே நீலம். நீலத்துக்குள் ஒரு கால். அப்புறம் வால். அப்புறம் திரும்பிய தலை.

துருப்பிடிக்கிறது என்று பச்சை அடித்தபோது எனக்கு நாலு வயதாம். அதற்கு முன்னால் நாள் முழுக்க அந்த டப்பாவோடுதான் விளையாடுவேனாம். சுவரில் பதினோரு உறையை ஒட்டி வைத்து, யாரிடமிருந்தும் அப்படியே எடுக்க மாட்டேன் என்று பெருமையடித்த நான், தெரியாமலே ஒன்றை முழுசாக எடுத்திருக்கிறேன். உங்களைத் திருடன் என்றேன். அதற்கு மன்னித்துவிடுங்கள்.

ஆனால் சந்தேகம் போகவில்லை. நம் வீட்டுக்கு அந்தப் பழைய டப்பா எப்படி வந்தது? ஜனவரியிலேயே ஏன் சொல்லவில்லை என்று அப்பாவைக் கேட்டேன். "அது அவன் சொல்ல வேண்டியது" என்கிறார்.

சித்தப்பா, ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். ஜோடிக்காமல். நீங்கள் சொல்வதில் நான் எப்போதும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்வேன். இந்தத் தடவை கழிக்க விடாதீர்கள்.

வாலு


மே 19

மகளே,

காய்ச்சல் நிஜம்தான். மூன்று நாள். பத்து நாள் என்று எழுத வந்தது, அடித்துவிட்டேன்.

நான் மேலாளர் இல்லை. ஆறு மாடிக் கடை இருக்கிறது. இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. அதற்குள் நான் ஒரு தடவைதான் போயிருக்கிறேன், மழைக்கு ஒதுங்க. உனக்கு அனுப்பிய பதினோரு உறையும் அந்தக் கடைக்குப் பின்னால் இருக்கிற குப்பைத் தொட்டியில் பொறுக்கியது. செருப்புத் தடம் சுங்க அதிகாரியுடையது இல்லை, என்னுடையது. காற்றில் பறந்தது, மிதித்துப் பிடித்தேன்.

பதினாலாம் எண் பாலிஷ் பட்டறை. டப்பாவில் மெழுகு ஊற்றி, ஆறினதும் மூடி போட்டு அடுக்குகிறவன் நான். பின்கட்டில் படுக்கை. கறுப்பு ரேகை பாலிஷ். எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை.

உன் அப்பாவும் உன்னிடம் சொல்லாத விஷயம் இது. நீ பிறக்கும் முன்னால் இந்தப் பட்டறையை நானும் இன்னொருவனும் சேர்ந்து தொடங்கினோம். எந்நேரமும் தலை வாரிக்கொண்டே இருப்பான், அதனால் சீப்பு என்று கூப்பிடுவோம். மெழுகு காய்ச்சுவது அவன். கொக்கு வரைந்தது நான். வாலு, இதில் நீ ஒரு சொல்கூடக் கழிக்க வேண்டாம். நான்தான் வரைந்தேன். அப்போது ஊரிலிருந்த எல்லா டப்பாவையும் வாங்கி வைத்துப் பார்த்தேன், உன்னை மாதிரியே. எல்லோரும் சிங்கம், குதிரை என்று போட்டிருந்தார்கள். ஓட்டம், பாய்ச்சல். எனக்கு நிற்கிற பிராணி வேண்டும் என்று தோன்றியது. ஷூ போட்டவன் நிற்கும்போதுதானே பளபளப்புத் தெரியும்?

மூடி வட்டம். கொக்குக்குக் கழுத்து நீளம். நேராகப் பார்க்க வைத்தால் அலகு வட்டத்துக்கு வெளியே போகிறது. நாலு நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் தலையைத் திருப்பிவிட்டேன், அடங்கிவிட்டது. அழகுக்குச் செய்யவில்லை. இடம் போதாமல் செய்தேன். முதல் டப்பாவை அண்ணனுக்குக் கொடுத்தேன், உங்கள் வீட்டில் இருப்பது அதுதான்.

உன் படத்தைப் பிரித்ததும் அதைத்தான் பார்த்தேன். சோப்பு உறை நீளம். கொக்கு தாராளமாக நேரே பார்க்கலாம். தலையைத் திருப்ப ஒரு தேவையும் இல்லை. ஆனாலும் திரும்பியிருந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, இது என் வட்டத்துக்குள்ளிருந்து வந்த பறவை என்று. உன் படத்தை டப்பா அடுக்கு மேல் வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தட்டில் வைத்தது, எண்ணூறு பேர், குழந்தை அழுதது, எல்லாம் பொய்.

சீப்பு ஒரு நாள் ஒரு காகிதத்தை நீட்டினான். நாலு பக்கம். "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு" என்றான். எனக்கு அந்த எழுத்தில் பாதி புரியாது. சுற்றி வேலைக்காரர்கள் நின்றார்கள். ஒரு பக்கம்கூட முடிக்காமல், "படிச்சாச்சுப்பா, எல்லாம் சரிதான்" என்று போட்டுக் கொடுத்தேன். பட்டறையும் கொக்கும் அவன் பேருக்குப் போய்விட்டன. என் கொக்கை அவனிடமே கூலிக்கு அடுக்குகிறேன். அண்ணனுக்கு மட்டும் தெரியும். வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன்.

சீப்பு லேசுப்பட்ட ஆள் இல்லை. நீ கொக்கைப் போட்டால் உன்னைக் கோர்ட்டில் நிறுத்துவான். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். அதனால் யானை, மயில் என்று உளறினேன்.

படம் நனையவில்லை. எலியும் தின்னவில்லை. இத்துடன் இருக்கிறது.

சித்தப்பா


ஜூன் 2

என் அன்புச் சித்தப்பாவுக்கு,

விரல் ரேகையுடன் வந்த கடிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். எதையும் கழிக்கவில்லை. அப்பா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "இப்பதான் எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டு, மூடியில் மீதிப் பச்சையைச் சுரண்ட உட்கார்ந்துவிட்டார். 

கொக்கை விட்டுவிட்டேன். அச்சுத் தகடு வீண். அச்சகத்துக்காரர், "கொக்கு பறந்துபோச்சா?" என்று கிண்டல் செய்கிறார்.

பதினோரு உறையையும் சுவரிலிருந்து எடுக்கும்போது, இத்தனை மாதமாக என் கண் தானாகப் போய் நின்ற இடம் எது என்று யோசித்தேன். பிஸ்கட் இல்லை. பென்சில் பெட்டியும் இல்லை. பதினோராவது உறைமேல் இருந்த உங்கள் செருப்புத் தடம்தான். நீள உறையில் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒருவர் நடந்து போன மாதிரி.

இதோ புது உறை. வெள்ளை. அதன்மேல் ஈரமான வெறுங்கால் தடம் மூன்று, இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு. குளித்துவிட்டு யாரோ இப்போதுதான் நடந்து போயிருக்கிறார். பேர் அடியில். தடம் உங்களுடையது, ஈரம் என்னுடையது. பதிவு அலுவலகத்தில் நாலு நாள் தேடினார்கள். இந்த மாதிரி ஒன்று யார் பேரிலும் இல்லை.

இந்தத் தடவை நிஜமாகவே ஒரு கடைத் தட்டில் வைத்து அளந்து எழுதுவீர்களா? தெருக் கடை போதும். ஆறு மாடி வேண்டாம்.

உறை சுற்ற எனக்கு ஒரு கை குறைகிறது. ஓரம் கிழியாமல் மடிக்கத் தெரிந்த கை. இதைச் சும்மா எழுதுகிறேன்.

வாலு


ஜூன் 15

அன்பு மகள் வாலுவுக்கு,

உடம்பு சுமாராக இருக்கிறது. கால் கொஞ்சம் வீக்கம். எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

தெருமுனைக் கடையில் நடுத்தட்டில் வைத்தேன். இடது பக்கம் சிவப்புச் சோப்பு, வலது பக்கம் பச்சை. வெயில் சாய்ந்த நேரம். வாசலிலிருந்து அடி எண்ணிக்கொண்டு பின்னால் நடந்தேன். பத்தாவது அடி வரைக்கும் காலடி நன்றாகத் தெரிகிறது. பதினோராவது அடியில் வெறும் வெள்ளைதான். தடத்தைக் கொஞ்சம் அழுத்தமாகப் போடு. கடைக்கு வந்தவர்கள் பதினாலு பேர். நாலு பேர் கையில் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "யாரோ மிதிச்சுட்டாங்க" என்று துடைக்கப் பார்த்தார்.

நீ நம்ப மாட்டாய். சந்தேகப்பட உனக்கு உரிமை உண்டு. அதனால் கடைக்காரம்மாவைக் கீழே சாட்சி எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை அவர் எழுதுவதை நான் முழுசாகப் படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவேன்.

நேற்று கடைசி அடுக்கை முடித்துக் கொடுத்துவிட்டேன். "எங்கே போறே?" என்றான் சீப்பு. "பெரிய கம்பெனியில் கூப்பிட்டிருக்காங்க" என்றேன். அது பொய் இல்லை என்று நீதான் சொல்ல வேண்டும். கையை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினேன். கட்டைவிரல் மட்டும் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. வெள்ளை உறையில் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.

சித்தப்பா

அம்மணி, உங்களுக்கு நான் யாரென்று தெரியாது. கடை என்னுடையது. இவர் சொன்ன கணக்கு சரி, நானும் கூடவே நடந்து பார்த்தேன். முதலில் இருபது அடி என்று எழுதச் சொன்னார். நான் பேனாவை எடுப்பதற்குள், "இருங்க, இருங்க" என்று மறுபடியும் வாசலுக்குப் போய், ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டு வந்து, "பத்துன்னே எழுதுங்க" என்றார்.